எவ்வளவு கொடுக்குதுங்க?

கோவையில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க வருகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்: "எவ்வளவு கொடுக்குதுங்க?" மாருதி 800 காலத்திலும் இதே கேள்விதான். 145 குதிரைசக்தி கொண்ட அபார்த் புன்ட்டோவை விற்க நிறுத்தினாலும் இதே கேள்விதான். வேகத்துக்காகவே செய்த சின்ன காரை ஆசைப்பட்டு வாங்கிய பையன் இரண்டு மாதம் கழித்து என் பட்டறை வாசலில் வந்து நிற்பான். "அண்ணா, எட்டரைதான் வருதுங்ணா. எங்கியோ லீக் ஆகுதுன்னு நினைக்கிறேன்" என்பான். லீக் எங்கேயும் இருக்காது. பெட்ரோல் போகிற இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் தொழிலில் பாதி.

நான் வேலை கற்றது கார்புரேட்டர் காலத்தில். பிரிமியர் பத்மினியும் மாருதி 800-ம் வந்துபோகிற பட்டறை. மைலேஜ் புகார் வந்தால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்ப்பார். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். அதற்கும் அடங்காத புகார் என்றால் பாட்டில் சோதனை. டாங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலைப் பானெட்டுக்குள் கட்டி, அதிலிருந்து கார்புரேட்டருக்குத் தனிக் குழாய் விடுவோம். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு அவினாசி ரோட்டில் கிளம்பினால், வண்டி இருமி நிற்கும் இடம்தான் மைலேஜ். கையோடு கொண்டுபோன இன்னொரு பாட்டிலை ஊற்றித் திரும்பி வருவோம். பிறகு மிக்சர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு திருகி மறுபடி ஓட்டம். ஸ்க்ரூவிலேயே ஒன்றிரண்டு கிலோமீட்டரை மீட்டுவிடலாம் என்பதால் மெக்கானிக்குக் கைராசி என்று பெயர் கிடைத்த காலம் அது.

இன்ஜெக்‌ஷன் வந்ததும் அந்த ஸ்க்ரூ போயிற்று. ஒரு பங்கு பெட்ரோலை முழுமையாக எரிக்க 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து சொல்ல, கம்ப்யூட்டர் நொடிக்குப் பலமுறை அந்த அளவைத் திருத்திக்கொள்கிறது. எந்த மெக்கானிக்கின் கையும் அவ்வளவு துல்லியமாகத் திருகாது. ஆகவே இன்று மைலேஜ் குறைகிறது என்றால், எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதை விட வண்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் வேகமான சின்ன கார்களுக்குக் குறைவில்லை. சோழவரம் பந்தயங்களுக்குத் தன் கையாலேயே கார் செய்து கொண்டுபோன கரிவரதன் பிறந்த ஊர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே இருக்கிறது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர்தான். 2001-ல் ஃபியட் பேலியோ 1.6 வந்தபோது அதை வாங்கி ஓட்டியவர்கள் இன்னும் அதன் பேச்சை விடவில்லை. ஓட்டுவதற்கு அத்தனை சுகம், பங்க்கில் அத்தனை வலி என்று பெயர் வாங்கிய வண்டி. பிறகு டர்போ வைத்த கார்கள்: 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 105 குதிரைசக்தி. 2015-ல் அபார்த் புன்ட்டோ. 2017-ல் பலேனோ ஆர்எஸ், 102. 2021-ல் ஐ20 என் லைன், 120. 2024-ல் அல்ட்ராஸ் ரேசர், அதுவும் 120. வெளிநாட்டுக் கணக்கில் இவை பெரிய சக்தி அல்ல. ஆனால் டன் சொச்சம் எடையுள்ள, ஆபீஸ் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மளிகை வாங்க என்று தினமும் எடுக்கிற காரில் இந்தச் சக்தி இருக்கும்போதுதான் மைலேஜ் பிரச்சினை ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற காருக்கு யாரும் மைலேஜ் கேட்பதில்லை.

புகாருடன் வருகிற எல்லோர் மனதிலும் கம்பெனி சொன்ன ஒரு எண் இருக்கும். போலோ ஜிடிக்கு 17.2, அபார்த்துக்கு 16.3, பலேனோ ஆர்எஸ்ஸுக்கு 21.1, என் லைனுக்கு 20. அது பொய்யான எண் இல்லை. வேறு ஓட்டத்தின் எண். வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, ஏசி போடாமல், எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டி அளப்பார்கள். மொத்தம் இருபது நிமிடத்துக்கும் குறைவு, பதினொரு கிலோமீட்டருக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90. சராசரி வேகம் சுமார் 32. அதில் வேகம் கூடுகிற இடமெல்லாம் மெல்லக் கூடும். டர்போ மூச்சைப் பிடிக்க வேண்டிய தேவையே வராது. டர்போ வைத்த காரில் டர்போவைத் தொடாமல் எடுத்த அளவு என்பதால்தான், சாதாரணக் காரை விட இந்தக் கார்களில் கம்பெனி எண்ணுக்கும் நம் எண்ணுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே யார் வந்தாலும் நான் மைலேஜைக் கேட்பதில்லை. டேஷ்போர்டில் சராசரி வேகத்தைக் காட்டச் சொல்வேன். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ஒரே மாடல், ஒரே வருடத்து டர்போ கார் இரண்டு என்னிடம் சர்வீஸுக்கு வருகின்றன. ஒன்று பொள்ளாச்சியிலிருந்து தினமும் நாற்பது கிலோமீட்டர் வந்து போகும் டாக்டருடையது. மற்றது ராமநாதபுரத்தில் வீடு, சரவணம்பட்டியில் ஐடி வேலை என்றிருக்கும் தம்பியுடையது. டாக்டருக்கு 16-க்குக் குறையாது. தம்பிக்கு 9-ஐத் தாண்டாது. இருவரும் ஒருநாள் பட்டறையில் சந்தித்துப் பேசிக்கொண்டதிலிருந்து தம்பிக்குத் தூக்கம் போயிற்று. தன் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டான். டாக்டர் வண்டியின் சராசரி வேகம் 50-க்குப் பக்கம். தம்பியுடையது 17. மணிக்கு 17 கிலோமீட்டர் சராசரியில் ஓடுகிற எந்த வேகமான ஹேட்ச்பேக்கும் 14 கொடுக்காது. என் அனுபவத்தில் சராசரி வேகம் 15 முதல் 18 வரை என்றால் மைலேஜ் 9, 10. வேகம் 25-ஐத் தாண்டினால் 12, 13. 50-ஐத் தொட்டால் 16, 17. மாடலுக்கு மாடல் ஒன்றிரண்டு கூடும், குறையும், வரிசை மாறாது.

சராசரி வேகம் குறைவு என்றால் அடிக்கடி நிற்கிறோம் என்று பொருள். பெட்ரோல் போகிற இடம் அதுதான். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகிறோம். எஞ்சின் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று வைத்தால், அந்த வேகத்தைச் சேர்க்க மட்டும் சுமார் 20 மில்லி பெட்ரோல் வேண்டும். அடுத்த சிக்னலில் பிரேக் போடும்போது அந்த 20 மில்லியும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. 40-ல் இருந்து நின்றால் போவது பத்து மில்லிக்கும் குறைவு. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் சேர்த்துவைக்கும் சக்தி இரண்டேகால் மடங்கு ஆகும் என்பது பள்ளிப் பாடம். போக வர முப்பது தடவை நிற்கிறவன் ஒவ்வொரு முறையும் 60 தொட்டுவிட்டு நின்றால் 600 மில்லி. 40-லேயே வந்து நின்றால் 300 மில்லிக்கும் குறைவு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட ஊரில் நாளுக்கு முப்பது ரூபாய். இந்தக் கார்களின் தொல்லையே, இரண்டு சிக்னலுக்கு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியிலும் 60-ஐ எட்டிவிடுகிற சக்தி அவற்றுக்கு இருப்பதுதான். சாதாரணக் காருக்கு ஆசை இருந்தாலும் எட்டாது.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நீலம்பூர் தாண்டி ஹைவேயில் ஒரு லாரியை முந்துகிறோம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஆறேழு நொடி. அந்த நொடிகளில் எஞ்சின் குடிப்பதைக் கணக்குப் போட்டால் ஐம்பது மில்லிக்கு அக்கம்பக்கம். ஐந்து ரூபாய். சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் கொட்டாமல் காலை எடுத்து மெல்லக் கரைய விட்டால் அதிலும் ஒரு பகுதி திரும்பிவிடும். பவரை அனுபவிக்கிறேன், அதனால் மைலேஜ் போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முந்துவதால் மாதச் செலவு ஏறுவதில்லை. நிற்கப்போகிற இடத்தை நோக்கி வேகமாகப் போவதால்தான் ஏறுகிறது.

அந்த ஐடி தம்பிக்கு வாயால் சொன்னது ஏறவில்லை. ஒருநாள் காலை அவன் ஆபீஸ் போகிற நேரத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, போனில் ஒரே ஒரு எண்ணை மட்டும் பெரிதாகத் தெரிகிறமாதிரி வைத்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். வண்டி ஐடிலில் நிற்கும்போது 35 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் 100. எண் நூறுக்குக் கீழே இருக்கிறவரை அவன் வண்டியில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். நூறைத் தாண்டினால் டர்போ காற்றைத் திணிக்கிறது. இருநூறைத் தொட்டால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் எஞ்சின் அளவுக்குக் காற்றும், அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகும். அந்த அழுத்தத்தில் சூட்டைத் தணிக்க, எரிவதற்குத் தேவையானதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் விடும்படி கம்ப்யூட்டரில் எழுதியிருப்பார்கள்.

காந்திபுரம் தாண்டி சத்தி ரோட்டில் பச்சை விழுந்தது. இரண்டாவது கியரில் 3,800 ஆர்பிஎம் வரை இழுத்தான். போனில் எண் 170, 180 என்று ஏறியது. முன்னால் நூறு மீட்டரில் ஒரு டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது. பிரேக். எண் 35. மறுபடி கியர், மறுபடி 170. கணபதி வருவதற்குள் இது பலமுறை நடந்துவிட்டது. "ஏனுங்ணா, எல்லாரும் இப்படித்தானே ஓட்டறாங்க?" என்றான். "எல்லார் வண்டிலயும் 170 இல்லீங்க தம்பி" என்றேன். திரும்பி வரும்போது முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்க்காமல் அதற்கும் முன்னால் மூன்றாவது வண்டியின் பிரேக் லைட்டைப் பார்க்கச் சொன்னேன். எண்ணை நூறுக்குக் கீழே வைத்துக்கொண்டு 2,000 ஆர்பிஎம்மிலேயே கியர் மாற்றினான். வந்து சேர்ந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த சிக்னலில் முந்திப் போனாலும் அடுத்த சிக்னலில் அதே பஸ்ஸின் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்லியனுப்பினேன். ஆர்பிஎம்மைக் குறைக்கிறேன் என்று ஐந்தாவது கியரில் 35-ல் போய்க்கொண்டு, அங்கிருந்தே முழுதாக மிதிக்கக் கூடாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சினில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக சுமை ஏற்றினால் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த அடி பிஸ்டனையே உடைக்கும். இழுவை வேண்டுமென்றால் கியரைக் குறைத்துவிட்டு மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஏழு கியர் டிஎஸ்ஜியை டி-யில் விட்டால் சீக்கிரமாகவே அடுத்த கியருக்கு ஏறிக்கொண்டே போகும். நகரத்துக்குள் எஸ்-ல் போட்டு ஓட்டிவிட்டு மைலேஜ் கேட்காமல் இருந்தால் போதும்.

அவன் வண்டி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. "ரெண்டுதானுங்களா கூடுச்சு?" என்று முகம் வாடினான். நம் ஊரில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளப்பதால் வருகிற மயக்கம் இது. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற கார் 9 கொடுத்தால் 111 லிட்டர் வேண்டும். 11 கொடுத்தால் 91. மிச்சம் 20 லிட்டர், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதே டாக்டர் அரும்பாடுபட்டு 16-ஐ 18 ஆக்கினால் மிச்சமாவது ஏழு லிட்டர்தான். கீழே இருக்கிற இரண்டும் மேலே இருக்கிற இரண்டும் ஒன்றல்ல. ஊருக்குள் 9-ல் கிடக்கிற வண்டியைத் தூக்குவதில்தான் காசு இருக்கிறது. ஹைவேயில் 20 எடுத்தேன் என்று போட்டோ எடுத்துக் காட்டுகிறவர்கள் மாதத்தில் எத்தனை நாள் ஹைவேயில் ஓடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் நம்புவதில்லை. அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துப் போடுகிற கணக்கு. பெரும்பாலான வண்டிகளில் நிஜத்தை விடக் கொஞ்சம் தூக்கியே காட்டும். கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதை மாற்றி ரீமேப் செய்த வண்டியில் இன்னும் தாறுமாறாகக் காட்டலாம். நம்பக்கூடியது டாங்க் கணக்குதான். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுடலாங்களா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். டிரிப் மீட்டரை ஜீரோ செய்து, டாங்க் பெரும்பாலும் காலியாகும்வரை ஓட்டி, அதே பம்ப்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை விழுந்த லிட்டரால் வகுக்க வேண்டும். 412 கிலோமீட்டர் ஓடி 33.6 லிட்டர் விழுந்தால் 12.3. ஒரு டாங்க்கை நம்பாதீர்கள். மூன்று நான்கு டாங்க்கின் சராசரிதான் உங்கள் வண்டியின் எண்.

டயர் மாற்றியவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 195/55 ஆர்16 வர வேண்டிய இடத்தில் 205/55 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.8 சதவீதம் கூடும். வண்டி 102 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஓடோமீட்டர் நூறுதான் எழுதும். மைலேஜ் குறைந்தது என்று அவர்கள் புலம்புவதில் ஒரு பங்கு ஓடோமீட்டர் விழுங்கியது. அகலமான, பிடிப்பு அதிகமான டயரும் கனமான அலாயும் உண்மையாகவே குடிப்பது ஒரு பங்கு.

இவ்வளவையும் விசாரித்த பிறகுதான் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றுவேன். முதலில் காற்று. 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருக்கும். லோ புரொஃபைல் டயர் காற்று குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் லேசர் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் மற்றதை விட அதிகச் சூடாக இருந்தால் காலிப்பர் பின் காய்ந்து பேட் டிஸ்க்கிலேயே உரசிக்கொண்டிருக்கிறது. சமதரையில் நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கப்புறம் தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் 90 டிகிரியை எட்டாமல் 70-லேயே நிற்கும். கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். எச்சரிக்கை லைட் எரியாமலே பல மாதம் இப்படி ஓடுகிற வண்டிகள் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குப் பசி அதிகம் என்பதால்தான், நாலு கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் செய்து, மாலையில் மறுபடி நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எந்த ரிப்பேர் செய்தாலும் மைலேஜ் வராது. எஞ்சின் சூடாகி ஒழுங்குக்கு வரும்போது அவர் வீடு வந்துவிடுகிறது.

மலை ஏறி இறங்குகிறவர்களிடம் ஒரு பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு வருவது. கார்புரேட்டர் காலத்து மிச்சம். இன்ஜெக்‌ஷன் காரில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுதாக மூடிக்கொள்ளும். அந்த நேரம் ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற ஆபத்து வேறு. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரல் என்பது மைலேஜும் இல்லாத, உயிருக்கும் உத்தரவாதம் இல்லாத வேலை.

இப்போது அதிகம் கேட்கிற கேள்வி எத்தனால். 2023-ல் சில பங்க்குகளில் தொடங்கிய இருபது சதவீதக் கலப்பு 2025-ல் நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, இருபது சதவீதக் கலப்பில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. என்னிடம் வரும் ஒரு அம்மா, கல்லூரிப் பேராசிரியை, வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஃபில்லிங்கையும் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார். வீடு, கல்லூரி, பாதை எதுவும் மாறவில்லை. அந்த நோட்டில் 13-ஐ ஒட்டி இருந்த எண் பன்னிரண்டுக்குச் சற்று மேலாக இறங்கியிருக்கிறது. மூன்று கிலோமீட்டர் குறைந்துவிட்டது, எல்லாம் எத்தனால் செய்த வேலை என்று வருகிறவர்களிடம் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பதின்மூன்று கொடுத்த வண்டியில் எத்தனால் ஒரு கிலோமீட்டர் வரை எடுக்கும். மற்ற இரண்டை வேறு எங்கோ தேட வேண்டும்.

ஆக்டேன் கூடிய விலை அதிகப் பெட்ரோலைப் பற்றியும் கேட்பார்கள். டர்போ எஞ்சின் சித்திரை வெயிலில் மூன்று பேரோடு மலை ஏறும்போது நாக்கிங்கைத் தவிர்க்கக் கம்ப்யூட்டர் பொறி விடுகிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது நல்ல பெட்ரோல் கொஞ்சம் இழுவையைத் திருப்பிக் கொடுக்கும். ராமநாதபுரத்திலிருந்து சரவணம்பட்டிக்கு அது கொடுக்கிற மைலேஜ் கூடுதல் விலையை ஈடுகட்டாது. ரீமேப் செய்தால் மைலேஜ் கூடும் என்கிறவர்களின் வாதமும் ஏறக்குறைய இப்படித்தான். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைப்பதால் மெல்ல ஓட்டினால் கொஞ்சம் கூடலாம். ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்து பவர் ஏற்றிக்கொண்டு மெல்ல ஓட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. டாங்கில் ஊற்றுகிற திரவங்கள், பைப்பில் மாட்டுகிற காந்தங்கள் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

பாதை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இப்போது ஊரிலேயே சான்று இருக்கிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். அவினாசி ரோட்டில் அந்த நீளம் முழுக்கப் போகிறவர்கள், சிக்னல் சிக்னலாக நின்ற இடத்தில் இப்போது ஒரே கியரில் போகிறார்கள். அவர்கள் வண்டியில் நான் எதையும் கழற்றவில்லை. மைலேஜ் கூடிவிட்டது என்று வந்து சொல்கிறார்கள். மேலே ஏறியதும் 110-ல் பறக்கிற பையன்கள் மட்டும் சொல்வதில்லை. 80-ல் காற்று தடுக்கிற விசை 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நிற்காமல் மிச்சம் பிடித்ததைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வேகமான ஹேட்ச்பேக் வாங்க நினைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை இது. ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால், இப்போது இருக்கிற காரிலோ பைக்கிலோ ஆபீஸ் போக எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறித்துச் சராசரி வேகத்தைக் கண்டுபிடியுங்கள். 20-க்குக் கீழே என்றால் லிட்டருக்குப் பத்து என்று எழுதிக்கொண்டு மாதச் செலவைப் போடுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறு லிட்டர், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தத் தொகை வீட்டு பட்ஜெட்டில் இடிக்கவில்லை என்றால் தைரியமாக வாங்குங்கள். வாங்கிய பிறகு மீட்டரைப் பார்த்துப் பயந்து ஓட்டாதீர்கள். காற்றை மாதம் இருமுறை பாருங்கள், நிற்கப்போகிற இடத்துக்கு அவசரமாகப் போகாதீர்கள், இடம் கிடைக்கிற சாலையில் மிதியுங்கள். இடிக்கிறது என்றால் டர்போ இல்லாத காரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டரை வருகிற வண்டியைப் பதினேழு வர வைக்கிற மெக்கானிக் இந்த ஊரில் யாரும் இல்லை, நானும் இல்லை.